நீல மண்

“இன்னும் ஆழமா குத்துங்க! கல்லு தட்டுப்படுற வரைக்கும் கையை எடுக்காதீங்க!”

கத்திக்கொண்டே அவளும் மண்வெட்டியால் வாரி வெளியே எறிந்தாள். குடிநீர் வாரியத்தின் உதவிப் பொறியாளர், கொல்லர் தெருவின் நட்டநடுவில், முனைக் கிணற்றுக்கு எதிரே, முழங்காலளவு குழிக்குள் நின்று மண் அள்ளுகிறாள். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு இப்போது மானம் மரியாதைக்கெல்லாம் நேரமில்லை.

அவளோடு குழிக்குள் நின்று கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார் ஃபிட்டர். அவர் சட்டைப்பைக்குள் ஸ்பீக்கரில் போட்ட அவளுடைய செல்போன். ஒவ்வொரு குத்துக்கும் குரல் குலுங்கிக் குலுங்கி வந்தது.

“இடுப்புக்கு வந்தாச்சும்மா. பயப்படாதே. நம்ம இடுப்பு கொஞ்சம் உசரம்தான்.”

“ஏங்க, விளையாடாதீங்க!”

“நான் விளையாடலேன்னா இங்க இருக்கிற புதுப்பொண்ணு அழ ஆரம்பிச்சிடும். மாப்பிள்ளை ஏற்கெனவே அழுதுட்டிருக்கார்.”

பேசியது அவள் கணவன். சுற்றுலா வழிகாட்டி. ஊருக்குள் ‘அளப்பு’ என்றால்தான் தெரியும். எந்தத் தெருவுக்கு என்ன பேர், ஏன் வந்தது என்று கேட்டுவிட்டால் போதும், மனிதன் அளக்க ஆரம்பித்துவிடுவான். வந்தவர்கள் வாயைப் பிளக்காமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பது அவன் கொள்கை.

இன்று காலை ஒரு புதுமணத் தம்பதியைப் பழைய சுங்கக் கட்டடத்தின் நிலவறைக்கு அழைத்துப் போனான். மலைமேல் இருக்கும் ஏரியிலிருந்து ஊருக்கு அடியில் ஒரு சுரங்கக் கால்வாய் ஓடி, அந்த நிலவறையில்தான் முடிகிறது. அதில் தண்ணீர் வந்து யாரும் பார்த்ததில்லை. இன்று வந்தது. ஏரியின் பழைய மதகு உடைந்து, வெள்ளம் அந்தக் கால்வாயில் இறங்கிவிட்டது.

நிலவறைக்கு ஒரே ஒரு இரும்புக் கதவு. உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே தண்ணீர் ஏற ஏற, கதவு நிலையோடு அழுந்திக்கொண்டது. தீயணைப்புக்காரர்களின் வெட்டும் இயந்திரம் பல் போய்ப் பொக்கையாகிவிட்டது. பம்ப் இறைக்கிற வேகத்தைவிட வருகிற வேகம் அதிகம். உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றும் சிக்னலும் கொடுத்துக்கொண்டிருந்தது கூரையில் இருந்த ஒரு சின்னக் கம்பி ஜன்னல்தான். ஒரு பூனைகூட அதில் நுழைய முடியாது.

மிச்சமிருப்பது ஒரே வழி. கால்வாய்க்கு நடுவழியில் ஓர் அடைப்புக் கதவு உண்டு. கால்வாயைக் கட்டியவர்கள் பதித்த பித்தளைத் தகடு இன்னமும் வாரிய அலுவலகச் சுவரில் இருக்கிறது. தினமும் அவள் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாள். ‘அடைப்புக் கதவு: கொல்லர் தெரு, முனைக் கிணற்றுக்கு எதிரே.’

அதை நம்பித்தான் இந்தக் குழி.

“மேடம்...” ஃபிட்டர் கடப்பாரையை உருவிப் பார்த்தார். “இங்க யாரோ பெயிண்ட் கடையைப் புதைச்சிருக்காங்க மேடம்.”

கடப்பாரை முனையில் ஒட்டியிருந்த மண் நீலமாக இருந்தது.

அவள் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். நீலம் என்றால் லேசுப்பட்ட நீலம் இல்லை. விரலிடுக்கில் பிதுங்கி வந்தது, மயில் கழுத்து நிறத்தில். இன்னும் ஒரு வெட்டு வெட்டினாள். நீலத்துக்குக் கீழே சிவப்பு. அதற்குக் கீழே மஞ்சள். குழியின் பக்கச் சுவர் முழுக்க, அடுக்கி வைத்த துணிமூட்டை மாதிரி நிறம் நிறமாகப் படிந்து கிடந்தது. தலைமுறை தலைமுறையாக ஊறினால் ஒழிய மண் இப்படி ஆகாது.

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

கொல்லர்கள் இருந்த தெருவின் அடியில் என்ன இருக்க வேண்டும்? கரி. இரும்புக் கசடு. கறுப்பைத் தவிர வேறு நிறம் இருக்க நியாயமில்லை.

மெல்ல நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடந்த தெரு. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் கல்லில் வெட்டிய சின்ன வாய்க்கால், உள்ளிருந்து தெருவுக்கு ஓடியது. மாடிச் சுவரில் வரிசையாகத் துளைகள். கழி செருகித் துணி உலர்த்தினால் சரியாக இருக்கும். வீட்டுப் பக்கவாட்டில் கல் தொட்டிகள். இப்போது ரோஜாச் செடி வைத்திருக்கிறார்கள். ‘காய்ச்சின இரும்பை முக்கி எடுத்த தொட்டி’ என்று அவள் கணவன் நூறு முறை சொல்லியிருக்கிறான். இரும்பை முக்க ஒரு தொட்டி போதாதா? எதற்கு வீட்டுக்கு இத்தனை தொட்டி?

நிறத்துக்கு ஒன்று!

கண்கள் கூரைக்குப் போயின. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு புகைபோக்கி கிடையாது.

“ஏங்க!” ஃபிட்டரின் சட்டைப்பையைப் பார்த்துக் கத்தினாள். “கொல்லர் தெருவில ஏன் ஒரு வீட்டுலகூட புகைபோக்கி இல்லே?”

“இப்ப கேக்கிற கேள்வியா இது? கொல்லனுங்க உலையை வாசல்ல வெச்சு அடிச்சாங்கன்னு சொல்லுவேன்.”

“நீங்க சொல்லுவீங்க, சரி. உண்மை என்ன?”

தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மெதுவாக:

“தெரியாதும்மா.”

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை.

“மார்புக்கு வந்துடுச்சு,” என்றான் அவன். இந்தத் தடவை ஜோக் இல்லை.

அவள் குழியை விட்டு வெளியே ஏறினாள். மூளை தறிகெட்டு ஓடியது. தகடு பொய் சொல்லாது. தெருவின் பெயர்தான் பொய். இது சாயம் போட்டவர்கள் தெரு. அப்படியானால் உண்மையான கொல்லர் தெரு எங்கே? புகைபோக்கி உள்ள தெருக்கள் ஊரில் இரண்டு. ஒன்று குயவர் தெரு, வடக்குக் கோடியில். இன்னொன்று சாயக்காரத் தெரு, தெற்கே. ‘சாயம் காய்ச்சின புகைபோக்கி’ என்று அதற்கும் அவனிடம் ஒரு கதை உண்டு. இரண்டு தெருவிலும் முனைக் கிணறு உண்டு. இரண்டாவது குழி வெட்டத்தான் நேரம் இருக்கிறது. மூன்றாவதுக்கு இல்லை.

அப்போதுதான் ஒரு மொபெட் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது.

அவளுடைய நாத்தனார். கணவனுக்கு மூத்தவள், ஊரில் போர்டு எழுதுகிறவள். கொண்டையில் பிரஷ் செருகியபடி, கையெல்லாம் பெயிண்ட்டோடு அப்படியே ஓடிவந்திருந்தாள். தெரு முனைகளில் இருக்கும் பெயர்க் கற்களுக்கு வருஷா வருஷம் மை தீட்டுவது அந்தக் குடும்பத்துப் பெண்களின் வேலை. நகராட்சி எத்தனையோ முறை தகரப் பலகை மாட்ட வந்தது. ஒவ்வொரு முறையும் இவள் பிரஷ்ஷோடு போய்ச் சண்டை பிடித்துத் திருப்பி அனுப்பினாள்.

“ஏம்மா! என் தம்பி அங்க கழுத்தளவு தண்ணியில நிக்கிறான். நீ இங்க நடுத்தெருவுல கிணறு வெட்டிக்கிட்டு...”

பாதியில் நின்றுவிட்டது. குழிக்கு வெளியே குவிந்திருந்த நீல மண்ணை அவள் பார்த்துவிட்டாள்.

“அண்ணி, இது கொல்லர் தெரு இல்லே.”

“யாரு சொன்னா?”

என்ன உளறுகிறாய் என்று நாத்தனார் கேட்டிருந்தால் இவள் விட்டிருப்பாள். ‘யாரு சொன்னா’ என்றதும் அவள் நாத்தனாரின் இரு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்குத் தெரியும்! எந்தத் தெரு அண்ணி? குயவர் தெருவா, சாயக்காரத் தெருவா?”

நாத்தனார் வாயைத் திறந்தாள். எந்தக் கடைக்காரனையும் ஒரே அதட்டில் அடக்குகிற பெண்மணி, பாடம் மறந்த குழந்தை மாதிரி உதட்டை அசைத்தாள்.

“எங்கம்மா கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். அவங்க அவங்கம்மாவுக்குப் பண்ணினாங்க. ஒருத்தர்கிட்டயும்...”

ஃபிட்டரின் சட்டைப்பை இருமியது. உள்ளே யாரோ தண்ணீர் குடித்துவிட்ட இருமல்.

“சாயக்காரத் தெரு!” என்றாள் நாத்தனார். “முனைக் கிணத்துக்கு எதிர. ஏறு வண்டியில!”

மொபெட் அப்படி ஒரு ஓட்டத்தை ஆயுளில் கண்டதில்லை. பின்சீட்டில் பொறியாளர், அவள் மடியில் குறுக்காகக் கடப்பாரை. சந்தில் திரும்பும்போதெல்லாம் இருபுறச் சுவரையும் அது கீறிக்கொண்டு வந்தது. பின்னால் வாரிய வேனில் ஃபிட்டரும், மண்வெட்டி ஏந்திய கொல்லர் தெரு ஆண்களும். வேடிக்கை பார்த்தவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

சாயக்காரத் தெருவில் முதல் குத்து விழுந்ததும் தீப்பொறி பறந்தது.

கறுப்பு மண். அதில் கண்ணாடிபோல் மினுங்கும் இரும்புக் கசடுக் கட்டிகள். ஆணி முனைகள். பாதி அடித்துக் கைவிட்ட ஒரு லாடம். ஆளுக்கு ஆள் வாரியிறைத்தார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் கல் தட்டுப்பட்டது. வெறும் கல் இல்லை. நான்கு மூலையிலும் இரும்பு வளையம் வைத்த மூடுகல். ஆறேழு பேர் கயிறு போட்டு இழுக்க, அது ஒரு பக்கமாகப் பெயர்ந்து திறந்தது.

உள்ளிருந்து வந்த இரைச்சலில் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

அவள் டார்ச்சோடு படியிறங்கினாள். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தலைக்கு மேலே, ஒரு யானை நிமிர்ந்து நடக்கலாம் என்பது போன்ற செங்கல் வளைவு. ஒரு செங்கல் உதிரவில்லை. டார்ச் வெளிச்சம் போகிற தூரம்வரை அந்த வளைவு போனது. அவள் நேற்றுவரை காய்கறி வாங்கிய கடைகளுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடியில், யாருக்கும் தெரியாமல், இப்படி ஒரு மாளிகை. அதற்குள் பழுப்பு வெள்ளம் கர்ஜித்துக்கொண்டு ஓடியது.

பக்கச் சுவரில், ஓட்டத்துக்கு விலகி, மாடத்துக்குள் மடித்து வைத்தது போல நின்றது இரும்புக் கதவு. அவள் பயந்தது துருவுக்கு. துரு இருந்தால் கதை முடிந்தது. கையை வைத்தாள். வழவழவென்று இருந்தது. எதையோ பூசி, காய்ச்சி, மறுபடி பூசி, கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார்கள். சக்கரம் எங்கே? சங்கிலி எங்கே? எதுவுமே இல்லை. இத்தனை பெரிய கதவை எந்த மனிதன் தள்ளி மூடுவான்?

“மேடம், இதை நாம அசைக்க முடியாது,” என்றார் ஃபிட்டர்.

டார்ச்சை மேலும் கீழும் ஓட்டினாள். கதவை மாடத்தோடு பிடித்திருந்தது ஒரே ஒரு கொக்கி. கதவின் ஓரம் லேசாக வளைந்து, ஓடுகிற தண்ணீரைப் பார்த்து நீண்டிருந்தது, படகின் சுக்கான் மாதிரி.

புரிந்தது.

கொக்கியை இரண்டு கையாலும் தூக்கி விட்டாள்.

அவ்வளவுதான். வெள்ளம் அந்த வளைந்த ஓரத்தைப் பிடித்தது. கதவு தானாக, நிதானமாக, கோபமே இல்லாமல் மாடத்திலிருந்து விலகிவந்து, கால்வாய்க்குக் குறுக்கே போய்ப் பொருந்தியது. தண்ணீர் எவ்வளவுக்கு முட்டியதோ அவ்வளவுக்கு இறுகியது. தண்ணீரின் பலத்தைக்கொண்டே தண்ணீரைக் கட்டிப்போடும் கதவு! படித்த படிப்பில் அப்படி ஒன்றை அவள் கண்டதில்லை.

சத்தம் நின்றுவிட்டது. சொட்டுக்கூட ஒழுகவில்லை. இரும்பின்மீது சுத்தியல் விழுந்த தடங்கள் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தன. அவற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் ஒரு மூச்சு நின்றாள்.

“ஏங்க? தண்ணி நின்னுடுச்சா?”

சட்டைப்பை பேசவில்லை.

“ஏங்க!”

செல்போனை எடுத்துப் பார்த்தாள். இணைப்பு போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

சுங்கக் கட்டடத்துக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வந்தபோது தீயணைப்பு வண்டியின் பம்ப் சாலையில் ஆறாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மட்டம் இறங்க இறங்க, கதவின் பிடி தளர்ந்திருக்க வேண்டும். படிக்கட்டில் ஆட்கள் கூச்சலிட்டார்கள். முதலில் புதுப்பெண் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை. அதற்குப் பின்னால் யாரும் வரவில்லை.

அவள் படியில் பாதி இறங்கிவிட்டாள்.

“செருப்பு ஒண்ணு உள்ளேயே போயிடுச்சும்மா,” என்றபடி இருட்டிலிருந்து ஏறி வந்தான் அவள் கணவன். “புதுசு.”

அவள் அவனை அடித்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். அப்புறம் மறுபடியும் அடித்தாள்.

உச்சி வெயிலில், நாத்தனாரையும் சேர்த்து மூவரும் சுங்கக் கட்டடத்து வாசற்படியில் உட்கார்ந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் கொடுத்த கம்பளிக்குள் அவன் ஈரக் கோழி மாதிரி ஒடுங்கியிருந்தான். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, அவன் முகம் தொங்கிக்கொண்டே போனது.

“அப்ப இத்தனை வருஷமா நான் சொன்னதெல்லாம்?”

“அளப்பு,” என்றாள் அவன் அக்கா.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.”

“உன்கிட்ட சொல்றதும் மைக் வெச்சு சொல்றதும் ஒண்ணுதான்டா.”

அவள் குறுக்கிட்டாள். “யார் அண்ணி மாத்தினது? எதுக்கு?”

நாத்தனார் கை நகத்திலிருந்த பெயிண்ட்டைச் சுரண்டினாள். சத்தியம் உடைந்தாயிற்று. இனி ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

“ஊரேதான் மாத்திச்சு. அந்தக் காலத்தில ஒரு பெரிய படை வந்துச்சாம். அவனுங்களுக்கு இந்த ஊர்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், கொல்லனுங்க. நீதான் பார்த்தியே இன்னிக்கு, அவங்க கைவேலையை. அவங்களைக் கொண்டுபோய் ஆயுதம் அடிக்க வெச்சுட்டா அடுத்த ஊரு, அதுக்கு அடுத்த ஊருன்னு அத்தனையும் போயிடும். படை வரும்னு முன்னாடியே சேதி வந்துடுச்சு. ஊர்க்காரங்க கூடிப் பேசி ரெண்டு தெருக் கல்லையும் பேத்து மாத்தி நட்டுட்டாங்க.”

“ஆனா தெரு காலியா இருந்தா வந்தவனுக்குச் சந்தேகம் வராதா?”

“காலியா இல்லேம்மா.”

நாத்தனார் கொண்டையிலிருந்த பிரஷ்ஷை உருவி மடியில் வைத்தாள்.

“சாயக்காரங்க அவங்கவங்க வீட்டுலயேதான் இருந்தாங்க. வாசல்ல உலை போட்டு, கையில சுத்தியலோட. ஒரு பருவம் முழுக்கக் கொல்லனுங்க உக்காந்து அவங்களுக்கு இரும்படிக்கக் கத்துக்கொடுத்தாங்களாம். இவங்க கையெல்லாம் நீலமா இருக்குமே? கரியும் எண்ணெயும் வெச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கறுப்பாக்கினாங்க. அங்க கொல்லனுங்க சாயத் தொட்டியில முழங்கை வரைக்கும் முக்கிக்கிட்டு நின்னாங்க. படை வந்துச்சு. கல்லுல எழுதியிருந்ததைப் படிச்சுது. அந்தத் தெரு ஆம்பளைங்க ஒருத்தர் பாக்கியில்லாம கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு.”

“சாயக்காரங்களை,” என்றான் அவன்.

“சாயக்காரங்களை.”

தெருவில் போய்க்கொண்டிருந்த சனங்களை அவள் பார்த்தாள். பை தூக்கிக்கொண்டு, பேரம் பேசிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு. ஓர் ஊர் மொத்தமும் இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, மூடிக்கொண்டதையே மறந்துவிட முடியுமா?

“விஷயம் வெளிய போனா படை கொண்டுபோனவங்க தலை போயிடும். அதனால பெத்த புள்ளைங்ககிட்டகூட யாரும் மூச்சு விடலே. வருஷா வருஷம் கல்லைக் கழுவி மை தீட்டுறவளுக்கு மட்டும் தெரிஞ்சா போதும், வேற யாரும் அதை மாத்தாம பார்த்துக்கணும்னு முடிவாச்சு. அது எங்கம்மா வரைக்கும் வந்து, என் தலையில விழுந்துச்சு.”

அவள் எழுந்து நின்றாள். கணவனின் ஈரத் தலையைக் கம்பளியால் இழுத்து மூடினாள்.

“கும்பிட்டுக்கிறேன் அண்ணி, அவங்களை. ஆனா இன்னிக்கு இந்தப் பொய்ப் பேராலதான் இவர் போயிருப்பார். நாளைக்கு இன்னொருத்தர் போவார். அந்தப் படையும் இல்லே, அதை அனுப்பின ராஜாவும் இல்லே. நான் இன்னிக்கே நகராட்சிக்கு எழுதப் போறேன். கல்லை அதனதன் இடத்துக்கு மாத்தச் சொல்லி.”

“உன் தகட்டைத் திருத்திக்கோ. தெருவுக்குத் தெரு ஓட்டை போட்டுப் பார்த்துக்கோ. கல்லைத் தொடாதே.”

“ஏன் அண்ணி? இன்னும் யாரைக் காப்பாத்தணும்?”

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். குரலில் அதட்டல் இல்லை.

“போனவங்கள்ல ஒருத்தரும் இன்னும் திரும்பி வரலேம்மா. செத்துட்டாங்கன்னும் சேதி வரலே. அங்கேயே குடும்பமாகி, புள்ளை குட்டி பெத்திருப்பாங்க. அந்தப் புள்ளைங்ககிட்டகூட உண்மையைச் சொல்லியிருக்க முடியாது. நம்ம ஊரு இது, நம்ம தெரு கொல்லர் தெருன்னுதான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அவங்க வம்சத்துல யாராவது என்னிக்காவது இந்த ஊருக்குள்ள வந்து வழி கேட்டா, அந்தப் பேரைச் சொல்லித்தான் கேப்பாங்க. நேரா அவங்க வீட்டு வாசலுக்கே வந்து சேரணும். அதுக்குத்தான் கல்லு அங்கேயே இருக்கு.”